ஒரு முழம் கேபிளுக்கு என்ன விலை கொடுக்கலாம்?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்த வேளையில், நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள், "இந்தத் தடவையாவது பெரிய டி.வி.யா வாங்கிக்குங்கப்பா" என்று சொல்லிப் பணம் அனுப்பியிருந்தாளாம். கடைக்குப் போய் 55 அங்குல டி.வி. ஒன்றைப் பேரம் பேசி முடித்துவிட்டார். பில் போடுகிற நேரத்தில் கடைப் பையன், "அங்கிள், இவ்வளவு நல்ல டி.வி.க்குச் சாதாரண கேபிளைப் போட்டால் படம் மங்கலாகத்தான் தெரியும்" என்று இந்தியில் சொல்லி, பொன்முலாம் பூசிய ஒன்றரை மீட்டர் எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்றை ரூ. 4,200-க்குச் சேர்த்துவிட்டான்.

"சார், எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. நல்ல பொருள்தானா, இல்ல நான் ஏமாந்துட்டேனா? வீட்டில கேக்கறாங்க, பதில் சொல்ல முடியலை" என்றார்.

டில்லியிலிருந்து சென்னைக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கணவன் மனைவி இருவரும் போய்வர ஆகும் கட்டணத்தைவிட அது பெரிய தொகை. ஊருக்குப் போகும் செலவைக் கணக்குப் பார்த்துப் பார்த்துப் பழகிய நம்மைப் போன்றவர்களுக்கு அது சின்ன விஷயம் அல்ல. அவருக்கு நின்ற இடத்தில் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் காரணத்தோடு சொன்னால் மற்ற அன்பர்களுக்கும் பயன்படும் என்பதால், இந்த இதழில் அதையே ஒரு பாடமாக எழுதுகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்த பிள்ளைகளும் இதைப் படிக்கலாம்.

பழைய காலத்து உண்மை

கடைப் பையன் சொன்னது முழுப் பொய் என்று முதலிலேயே தள்ளிவிட வேண்டாம். ஒரு காலத்தில் அது உண்மையாகத்தான் இருந்தது.

1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நம் நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி வந்ததை மூத்த அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படங்கள் வரிசையாக வரும். தமிழுக்கு முறை வருகிற அந்த ஒரு ஞாயிறுக்காக வாரக்கணக்கில் காத்திருப்போம். படம் தொடங்குமுன் ஒருவர் மொட்டை மாடிக்கு ஏறி ஆண்டெனாவைத் திருப்புவார். "வந்துடுச்சா?" என்பார். "இன்னும் கொஞ்சம்... ஐயோ, போயிடுச்சு!" என்று கீழிருந்து குரல் வரும்.

அந்தக் காலத்துச் சமிக்ஞை அலையாக வந்தது. அலையின் உயரம் மாறினால் திரையில் வெளிச்சமும் அதற்கேற்ப மாறும். வழியில் கம்பி மோசமாக இருந்தால் அலையின் வடிவம் கொஞ்சம் கெடும். கொஞ்சம் கெட்டால் படமும் கொஞ்சம் கெடும். ஆண்டெனாவிலிருந்து இறங்கும் கம்பியை மாற்றினால் பனித்துளி போன்ற புள்ளிகள் குறைவதைக் கண்ணால் பார்க்கலாம். பின்னர் வி.சி.ஆர்., டி.வி.டி. கருவிகளோடு வந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைக் கம்பிகளுக்கும் இதே விதிதான். நல்ல கம்பிக்கு நல்ல படம், மட்டமான கம்பிக்கு மட்டமான படம், நடுத்தரத்துக்கு நடுத்தரம்.

இந்த அனுபவம் நம் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. விற்பவர்கள் பயன்படுத்திக்கொள்வது இந்தப் பழைய அனுபவத்தைத்தான்.

கோலமும் டெலிபோனும்

எச்.டி.எம்.ஐ. என்பது, உயர்தெளிவுப் படத்தையும் ஒலியையும் ஒரே கம்பியில் கொண்டுசெல்லும் இணைப்பு முறைக்கு வைத்த பெயர். ஹிட்டாச்சி, மட்சுஷிட்டா, பிலிப்ஸ், சிலிக்கான் இமேஜ், சோனி, தாம்சன், தோஷிபா ஆகிய 7 நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது. இதன் முதல் விதித்தொகுப்பு 2002 டிசம்பரில் வெளியாயிற்று. இதில் போவது அலைப்படம் அல்ல, எண்கள். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானே விளங்கும். அதற்கு நம் வீட்டு வாசலிலேயே ஓர் உவமை இருக்கிறது.

மார்கழியில் இங்கிருக்கும் பெண் ஒருத்தி, கும்பகோணத்தில் இருக்கும் அக்காவிடம் டெலிபோனில் கோலம் கேட்கிறாள். "15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை" என்கிறாள் அக்கா. இவள் காதில் அது சரியாக விழுந்துவிட்டால் போதும். வாசலில் போடுகிற கோலம் அக்கா வீட்டுக் கோலத்தைப் போலவே இருக்கும். அக்கா பேசியது 2,000 ரூபாய் டெலிபோனா, 50,000 ரூபாய் டெலிபோனா என்பதால் இங்கே கோலமாவின் வெண்மை கூடப்போவதில்லை. குரல் கரகரப்பாக வந்தாலும் 15 என்பது 15தான்.

ஆனால் லைன் மிக மோசமாகி, "15" என்பது காதில் "5" என்று விழுந்தால்? கோலம் கொஞ்சம் மங்கலாக வராது. கோலமே தப்பாகிவிடும். லைன் அறுந்துவிட்டால் கோலமே இல்லை.

டி.வி.யின் திரையும் ஒரு புள்ளிக் கோலம்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று எண்கள் கேபிள் வழியே வருகின்றன. அந்த எண்கள் 0, 1 என்ற இரண்டே குறிகளால் எழுதப்பட்டவை. டி.வி. ஒவ்வொரு குறியையும் பார்த்து, இது 0, இது 1 என்று முடிவு செய்துகொள்கிறது. சரியாக முடிவு செய்துவிட்டால், 200 ரூபாய் கேபிளில் வந்த 1-க்கும் 4,200 ரூபாய் கேபிளில் வந்த 1-க்கும் எந்த வேறுபாடும் இல்லை. நிறம் ஆழமாவது, முகம் தெளிவாவது, கறுப்பு இன்னும் கறுப்பாவது என்பதற்கெல்லாம் அங்கே இடமே கிடையாது. அப்படி நடக்கவேண்டுமானால் கேபிள் எண்களை மாற்றி எழுதவேண்டும். எந்தச் செப்புக் கம்பியும் அவ்வளவு புத்தியோடு மாற்றி எழுதாது.

இப்போது ஒரு கணக்கு

அப்படியானால் எல்லாக் கேபிளும் ஒன்றுதானா என்று கேட்கலாம். இல்லை. எண்கள் எவ்வளவு வேகமாக வருகின்றன என்பதைப் பொறுத்து வேறுபாடு உண்டு.

முழு எச்.டி. திரையில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080 வரிகள். பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒரு வினாடிக்கு 60 படங்கள் என்று வைத்துக்கொண்டால் 12,44,16,000 புள்ளிகள். புள்ளிக்கு 3 நிறம், நிறத்துக்கு 8 குறிகள், ஆக 24 குறிகள். மொத்தம் வினாடிக்கு ஏறத்தாழ 300 கோடி குறிகள்.

இதோடு படத்துக்குப் படம் விடப்படும் இடைவெளி சேரும். அந்த இடைவெளியில் ஒலி போன்றவை பயணம் செய்கின்றன. மேலும், பிழை நேராமல் இருப்பதற்காக ஒவ்வொரு 8 குறியையும் 10 குறிகளாக மாற்றி எழுதி அனுப்புகிறார்கள். எல்லாம் சேர்ந்து வினாடிக்கு 445 கோடியே 50 லட்சம் குறிகள் ஆகின்றன.

4கே என்ற திரையில் 3,840 புள்ளிகள், 2,160 வரிகள். அதாவது முழு எச்.டி.யைப் போல 4 மடங்கு. வினாடிக்கு 60 படம் என்றால் கேபிளில் ஓடுவது 1,782 கோடி குறிகள்.

இந்த வேகத்தை வைத்துத்தான் கேபிள்களை வகை பிரித்திருக்கிறார்கள். அன்பர்கள் இந்தப் பட்டியலைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டாண்டர்டு: வினாடிக்குச் சுமார் 222 கோடி. பழைய எச்.டி. ஒளிபரப்புக்குப் போதும்.

ஹை ஸ்பீடு: 1,020 கோடி. முழு எச்.டி.க்குத் தாராளம். வினாடிக்கு 30 படம் என்ற அளவில் 4கே-க்கும் போதும்.

பிரீமியம் ஹை ஸ்பீடு: 1,800 கோடி. வினாடிக்கு 60 படம் ஓடும் 4கே-க்கு ஏற்றது.

அல்ட்ரா ஹை ஸ்பீடு: 4,800 கோடி. வினாடிக்கு 120 படம் ஓடும் 4கே விளையாட்டுகளுக்கும், 8கே-க்கும் உரியது.

இவற்றுக்கும் மேலாக 9,600 கோடிக்கான அல்ட்ரா 96 என்ற வகையை 2025-இல் அறிவித்திருக்கிறார்கள். இன்று நம் வீட்டுக் கூடத்தில் அதற்கு வேலை இல்லை.

"பிரீமியம்" என்பதற்கு இரண்டு பொருள்

மேலே உள்ள பட்டியலில் மூன்றாவதைக் கவனியுங்கள். "பிரீமியம் ஹை ஸ்பீடு" என்பது 2015-இல் ஏற்பட்ட ஒரு சான்றிதழின் பெயர். அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டுமானால், கேபிளைச் சோதனைக்கூடத்தில் கொடுத்து 1,800 கோடி வேகத்தில் தேறவேண்டும். தேறிய கேபிளின் அட்டைப்பெட்டியில் செல்போனால் படித்துச் சரிபார்க்கக்கூடிய முத்திரை ஒட்டியிருக்கும்.

கடையில் சொல்லும் "பிரீமியம்" வேறு. அது வெறும் அடைமொழி. பிரீமியம் ஊதுவத்தி, பிரீமியம் பாஸ்மதி என்பதுபோல யாரும் எதிலும் அச்சடித்துக்கொள்ளலாம். நம் நண்பரின் கேபிள் பெட்டியை வாங்கிப் பார்த்தேன். கறுப்பு வெல்வெட் பை இருந்தது, பொன்னெழுத்து இருந்தது, முத்திரை மட்டும் இல்லை. ஆனால் முத்திரை உள்ள பிரீமியம் ஹை ஸ்பீடு கேபிளோ ஒன்றிரண்டு மீட்டர் நீளத்தில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. இந்த வேடிக்கையை என்னென்பது!

இன்னொரு குறிப்பும் சொல்லவேண்டும். "இது 2.1 கேபிள், அது 2.0 கேபிள்" என்று சிலர் எண்ணைச் சொல்லி விற்பார்கள். அந்த எண்கள் இணைப்பு முறையின் விதித்தொகுப்புக்கு உரியவை. கேபிளை வகைப்பெயரால்தான் குறிக்கவேண்டும் என்பதே அந்த அமைப்பின் விதி. ஆகவே எண்ணைக் கேட்காமல் வகைப்பெயரைக் கேளுங்கள்.

பொன்முலாம் வேண்டுமா?

கேபிளின் முனையில் 19 சிறு தொடுமுனைகள் இருக்கின்றன. அவற்றில் பொன் பூசுவது நல்லதுதான். பொன் துருப்பிடிக்காது, காற்றுப்பட்டுக் கறுக்காது. மும்பை போன்ற கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றில் இது உதவும். ஆனால் சாதாரணக் கேபிள்களிலும் அந்தத் தொடுமுனைகளில் மெல்லிய பொன்பூச்சு உண்டு. வெளியே பளபளக்கும் உறையில் பூசிய பொன்னால் படத்துக்கு ஒரு நன்மையும் இல்லை. டி.வி.யின் முதுகுப்புறத்தில் அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

கம்பியின் கனம் பற்றியும் சொல்லவேண்டும். உள்ளே இரண்டிரண்டாக முறுக்கிய கம்பி ஜோடிகள் இருக்கின்றன. ஒரே குறியை ஒரு கம்பியில் நேராகவும் மறு கம்பியில் தலைகீழாகவும் அனுப்புகிறார்கள். வெளியிலிருந்து இரைச்சல் நுழைந்தால் இரண்டையும் ஒரே மாதிரி தாக்கும். டி.வி. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்க்கும்போது இரைச்சல் அடிபட்டுப் போய், குறி மட்டும் மிஞ்சும். பக்கத்தில் மின்விசிறி ஓடினாலும் மிக்ஸி ஓடினாலும் ஒன்றரை மீட்டர் கேபிளுக்கு எதுவும் ஆகாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் இந்த ஏற்பாடுதான்.

நீளம் கூடினால் கதை வேறு. வேகமாக மாறும் குறிகள் நீளமான செப்புக் கம்பியில் போகப்போகத் தேய்ந்து போகின்றன. 0-க்கும் 1-க்கும் உள்ள இடைவெளி குறைகிறது. ஒரு கட்டத்தில் டி.வி.யால் பிரித்துப் பார்க்க முடியாது. இங்கேதான் கனமான கம்பியும் கவனமான தயாரிப்பும் காசுக்கு ஏற்ற பலனைத் தருகின்றன. இதை நம் பகுதிக் கிளையில் நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

பாட்டி முகம் மறைந்த கதை

சில வருடங்களுக்கு முன் பொங்கல் விழாவுக்கு எங்கள் கிளையில் புதிய 4கே புரொஜெக்டர் வாங்கினோம். மேடையில் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து கூரையில் மாட்டிய புரொஜெக்டர் வரை 15 மீட்டர் தூரம். "கேபிள்தானே!" என்று சொல்லி, இருப்பதில் மலிவாக ரூ. 900-க்கு ஒன்றை வாங்கி மாட்டினோம். வாங்கியவன் நானே.

பிள்ளைகள் "எங்கள் ஊர்" என்ற தலைப்பில் படக்காட்சி தயாரித்திருந்தார்கள். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தஞ்சாவூர்ப் பக்கம் தனியாக இருக்கும் தன் பாட்டி பொங்கல் வாழ்த்துச் சொல்வதைப் படம் எடுத்து வரவழைத்திருந்தாள். பாட்டி பேச ஆரம்பித்ததும் திரை முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் மின்னின. பிறகு திரை கறுத்தது. முகம் வந்தது, மறுபடி போனது. ஒலியும் விட்டுவிட்டு வந்தது. அந்தப் பெண் மேடையிலேயே அழுதுவிட்டாள்.

புரொஜெக்டர் கெட்டுவிட்டது என்று எண்ணிப் பழுதுபார்க்கக் கொடுத்தோம். ஒரு குறையும் இல்லை என்று திரும்பி வந்தது. அதற்கும் கட்டணம் கட்டினோம். பிறகு வீட்டில் உட்கார்ந்து யோசித்து, 2 மீட்டர் கேபிளைப் போட்டுப் பார்த்தேன். படம் அசையாமல் நின்றது. பழைய 15 மீட்டர் கேபிளையே மாட்டி, கம்ப்யூட்டரில் 4கே-யைக் குறைத்து முழு எச்.டி. ஆக்கினேன். அப்போதும் நன்றாக நின்றது. குற்றவாளி யார் என்பது தெரிந்துவிட்டது. அந்தக் கேபிளால் 445 கோடியைச் சுமக்க முடிந்தது, 1,782 கோடியைச் சுமக்க முடியவில்லை.

பின்னர் ரூ. 5,500 கொடுத்து ஒளியிழைக் கேபிள் வாங்கினோம். அதன் முனைக்குள்ளேயே குறிகளை ஒளியாக மாற்றும் சிறு கருவி இருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி போகும்போது 15 மீட்டர் ஒரு தூரமே இல்லை. இதை மாட்டும்போது ஒரு கவனம் தேவை. "சோர்ஸ்" என்று எழுதிய முனையைப் படம் புறப்படும் கருவியிலும், "டிஸ்ப்ளே" என்று எழுதிய முனையைத் திரையிலும் செருகவேண்டும். மாற்றிச் செருகினால் படம் வராது. அடுத்த ஆண்டு அதே பாட்டி அதே திரையில் முழுதாகப் பேசினார்.

நண்பர் ஒன்றரை மீட்டருக்கு ரூ. 4,200 கொடுத்தது வீண். நாங்கள் 15 மீட்டருக்கு ரூ. 900-இல் முடித்ததும் வீண். இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றே. விலையைப் பார்த்தோமே தவிர, வேலையைப் பார்க்கவில்லை.

கேபிள் கெட்டால் எப்படித் தெரியும்?

அந்த விழாவில் நடந்ததே இலக்கணம். திரையில் வெள்ளை அல்லது வண்ணப் புள்ளிகள் மின்னும். படம் சில வினாடி மறைந்து மறைந்து வரும். ஒலி அறுபடும். அல்லது ஒன்றுமே வராது. இவையே கேபிள் கோளாற்றின் அடையாளங்கள்.

படம் முழுவதும் சோகையாக இருக்கிறது, நிறம் வெளுத்திருக்கிறது, எழுத்து மங்கலாக இருக்கிறது என்றால் கேபிளைக் குறை சொல்லவேண்டாம். டி.வி.யின் பட அமைப்பைப் பாருங்கள். செட்டாப் பாக்ஸ் எந்த அளவில் படம் அனுப்பும்படி வைத்திருக்கிறது என்று பாருங்கள். பல டி.வி.களில் உயர்வேக 4கே சமிக்ஞையை ஏற்க அந்த எச்.டி.எம்.ஐ. துளைக்குத் தனி அனுமதி ஒன்றை அமைப்பில் கொடுக்கவேண்டியிருக்கும். அதைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் கேபிளுக்குச் செலவழித்தும் பயனில்லை.

உங்கள் வீட்டுக்கு எது?

செட்டாப் பாக்ஸில் தமிழ்ச் சானல் பார்ப்பவர்கள்: பாக்ஸோடு கேபிள் வந்திருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் சாதாரண ஹை ஸ்பீடு கேபிள் வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்கு மேல் போகவேண்டியதில்லை.

டி.வி.யிலேயே உள்ள செயலிகளில் படம் பார்ப்பவர்கள்: படம் வைஃபை வழியாக நேரே டி.வி.க்குள் வருகிறது. எச்.டி.எம்.ஐ. கேபிளுக்கு அங்கே வேலையே இல்லை. சவுண்டுபார் வைத்திருந்தால் ஒலிக்கு மட்டும் ஒரு கேபிள் வேண்டும். அதற்கும் சாதாரணமானதே போதும்.

4கே பெட்டியோ கம்ப்யூட்டரோ இணைப்பவர்கள்: 3 மீட்டருக்குள் என்றால் முத்திரை உள்ள பிரீமியம் ஹை ஸ்பீடு.

பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கருவி வாங்கியவர்கள்: பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகியவற்றின் பெட்டிக்குள்ளேயே அதிவேகக் கேபிள் வருகிறது. தொலைந்துவிட்டால் மட்டும் முத்திரை உள்ள அல்ட்ரா ஹை ஸ்பீடு ஒன்றை வாங்குங்கள்.

சுவருக்குள் குழாய் வைத்துக் கேபிள் இழுப்பவர்கள்: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம். 5 மீட்டரைத் தாண்டினால் ஒளியிழைக் கேபிளைப் பற்றி யோசியுங்கள். சுவருக்குள் போகுமுன் தரையில் விரித்து, இரு முனையையும் மாட்டி, ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். குழாயில் கேபிளை மடக்கி ஒடிக்காதீர்கள். பூசிய சுவரை உடைப்பதற்கு ஆகும் செலவை நினைத்தால் கேபிளின் விலை ஒன்றுமில்லை.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

நான் சொல்வதையும் அப்படியே நம்பவேண்டாம். மலிவான கேபிள் ஒன்றும் விலை உயர்ந்த கேபிள் ஒன்றும் கிடைத்தால் வீட்டிலேயே சோதனை செய்யலாம். ஒருவர் டி.வி.க்குப் பின்னால் நிற்கட்டும். காசு சுண்டிப் பார்த்து, பூ விழுந்தால் ஒரு கேபிள், தலை விழுந்தால் மற்றது என்று மாட்டட்டும். எதை மாட்டினார் என்று சொல்லக்கூடாது. மற்றவர்கள் அதே காட்சியைப் பார்த்து எந்தக் கேபிள் என்று எழுதவேண்டும். இப்படிப் பத்து முறை.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பத்தில் ஐந்து சரியாக வரும். ஆகவே ஐந்து, ஆறு சரி என்பதற்கு மதிப்பில்லை. ஒருவர் பத்தில் ஒன்பதாவது சரியாகச் சொன்னால்தான் யோசிக்கவேண்டும். அந்த அளவுக்குக் குருட்டாம்போக்கில் அமைவது ஏறத்தாழ நூற்றில் ஒரு தடவைதான். இந்தக் கணக்கைப் பிள்ளைகள் போட்டுப் பார்க்கட்டும். பத்து முறை காசு சுண்டினால் விளைவுகள் அமையும் வழிகள் 2 × 2 × 2 என்று பத்து முறை பெருக்கி வருவது, அதாவது 1,024. அவற்றில் ஒன்பது சரியாக அமைவது 10 வழி, பத்தும் சரியாக அமைவது 1 வழி. ஆக 1,024-க்கு 11.

வாங்கும்போது

நேரு பிளேஸ், லஜ்பத் ராய் மார்க்கெட், மும்பை லேமிங்டன் ரோடு, பெங்களூரு எஸ்.பி. ரோடு என்று எங்கே வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலையில் வரியும் அடக்கம். அதற்கு மேல் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. அந்த விலையைப் பெரிதாக அச்சடித்து, "உங்களுக்காகப் பாதி விலை" என்று கொடுப்பதைச் சலுகை என்று எண்ணி மயங்கவும் வேண்டாம். டி.வி. வாங்கினால் கேபிளும் வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கிடையாது. தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம்.

எல்லாவற்றையும்விட எளிய உபாயம் ஒன்று உண்டு. டி.வி. வாங்கும் அன்றைக்குக் கேபிள் வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்து, இருக்கிற கேபிளை மாட்டிப் பாருங்கள். படம் நின்று ஓடினால் வேலை முடிந்தது. ஓடாவிட்டால் மறுநாள் போய், எத்தனை மீட்டர், என்ன வேகம் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

நண்பருக்குச் சொன்ன பதில்

நண்பர் வீட்டுக்கு மறு ஞாயிறு போனேன். என் பையில் இருந்த ரூ. 250 கேபிளை எடுத்து மாட்டி, மேலே சொன்ன சோதனையைச் செய்தோம். அவருக்குப் பத்தில் நான்கு சரி. அவர் மனைவிக்கு ஆறு. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

"நீங்க வாங்கினது கெட்ட பொருள் இல்ல சார். பல வருஷம் உழைக்கும். விலைதான் அதுக்கு உரியதில்ல" என்றேன். பில் இருந்தது, வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. கேபிளைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு இருவரும் கடைக்குப் போனோம். பணமாகத் தரமாட்டோம் என்றார்கள். சண்டை போடவில்லை. முத்திரை உள்ள கேபிள் ஒன்றை எடுத்துக்கொண்டு, மீதிக்கு டி.வி.யை மின்னழுத்த ஏற்ற இறக்கத்திலிருந்து காக்கும் ஸ்டெபிலைசர் ஒன்றையும் வாங்கி வந்தோம். டில்லிக் கோடையில் அது நிச்சயம் உபயோகப்படும்.

திரும்பி வரும்போது அவர் ஒன்று சொன்னார்: "பணம் போனதுகூடப் பெரிசில்ல சார். எனக்குத் தெரியாதுன்னு அந்தப் பையனுக்குத் தெரிஞ்சிருந்ததே, அதுதான் உறுத்திச்சு."

அந்த உறுத்தல் இனி நம் அன்பர் யாருக்கும் வேண்டாம். அடுத்த முறை யாராவது கேபிளைக் காட்டி "படம் தெளிவாகும்" என்று சொன்னால், "எத்தனை மீட்டர்? என்ன வகை? முத்திரை எங்கே?" என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதிரில் இருப்பவர் பேச்சின் சுருதி தானே மாறும்.